3.4 சென்டிமீட்டர் நீர்க்கட்டியும் 1.4 கிரியேட்டினினும்

கேள்வி: வணக்கம் டாக்டர். எங்களுக்கு மண்டபம் பக்கம் கடலோர கிராமம். அம்மாவுக்கு 56 வயது, சின்ன வயதிலிருந்தே தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போகிறவர். இரண்டு மாதமாக மேல்வயிறு எரிகிறது என்றதால் ராமநாதபுரத்தில் ஸ்கேன் எடுத்தோம். வலது கிட்னியின் மேல்பக்கம் 3.4 செ.மீ. அளவில் 'சிம்பிள் கார்டிகல் சிஸ்ட்' என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் கான்ட்ராஸ்ட் சி.டி. எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஸ்கேன் எடுத்த இடத்தில் சொன்னார்கள். ஊரில் ஒருவர் ஊசி போட்டு நீரை உறிஞ்சிவிடலாம் என்கிறார், இன்னொருவர் வாழைத்தண்டும் நெருஞ்சிமுள் கஷாயமும் குடித்தால் கரைந்துவிடும் என்கிறார். என் தாய்மாமா டயாலிசிஸ் செய்துகொண்டிருந்துதான் இறந்தார், அவருக்கு 20 வருடமாக சுகர். 'கட்டி' என்று கேட்டதிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. உப்புத் தண்ணீரிலேயே கிடந்ததால் வந்ததா? கேன்சராக மாறுமா? தோள்வலிக்கு மெடிக்கலில் வாங்கும் மாத்திரை தவிர வேறு மருந்து எதுவும் அம்மா சாப்பிடுவதில்லை. எல்லாத் தாள்களையும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

தம்பி, ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிற வகை நீர்க்கட்டி கேன்சர் இல்லை, கேன்சரின் ஆரம்பமும் இல்லை. இதை எழுந்துபோய் அம்மாவிடம் சொல்லிவிட்டு, அவர் ஒரு வாய் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள். ஏனென்றால் மீதியில் உங்களைக் கொஞ்சம் திட்டவும் போகிறேன்.

பாதிப் பயத்துக்குக் காரணம் நம்முடைய அந்த 'கட்டி' என்ற சொல்தான். முதுகில் பழுத்துச் சீழ் வைத்தாலும் கட்டி, கர்ப்பப்பையில் சதை வளர்ந்தாலும் கட்டி, புற்றுநோயும் கட்டி, ஒன்றுமில்லாத தண்ணீர்ப் பையும் கட்டி. உங்கள் அம்மாவின் கிட்னியில் இருப்பது மெல்லிய தோல் மூடிய ஒரு பை, உள்ளே தெளிந்த நீர், அவ்வளவுதான். சதை கிடையாது.

அது எப்படி வருகிறது? ஒவ்வொரு கிட்னிக்குள்ளும் லட்சக்கணக்கில் நுண்குழாய்கள் இருக்கின்றன, சிறுநீர் உருவாவது அவற்றில்தான். வயது ஏற ஏற ஏதோ ஒரு குழாயின் சுவர் ஓரிடத்தில் தளர்ந்து பலூன் மாதிரி வெளியே புடைக்கிறது, நாளடைவில் தாய்க்குழாயோடு தொடர்பு அறுந்து தனிப் பையாக நின்றுவிடுகிறது. தனுஷ்கோடி போகிற வழியில் பார்த்திருப்பீர்களே, மணல் திட்டு அடைத்ததும் கடலிலிருந்து பிரிந்து தனியாகத் தேங்கி நிற்கும் தண்ணீர், கிட்டத்தட்ட அப்படி. உப்புத் தண்ணீரில் முங்கியதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நம் மாவட்டத்து உவர்த் தண்ணீரைக் குடித்ததற்கும் இல்லை. ஐம்பது வயது தாண்டியவர்களை சி.டி. ஸ்கேனில் பார்த்தால் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இப்படி ஒன்றாவது இருக்கும், பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம். எனக்கே இடது கிட்னியில் ஒன்று இருக்கிறது, 2 சென்டிமீட்டர், வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்தபோது நண்பர் ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னார். அதற்காக நான் சாப்பிடாமல் இருந்ததில்லை.

சரி, வெறும் நீர்தான் என்று ஸ்கேனில் எப்படித் தெரியும், உள்ளே வேறு ஏதாவது ஒளிந்திருந்தால் என்று நீங்கள் கேட்பீர்கள். உங்கள் ஊர் விசைப்படகில் மீன் பார்க்கும் எக்கோ சவுண்டர் இருக்கும், அந்தத் திரையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். அல்ட்ரா சவுண்டும் அதே தொழில்நுட்பம்தான். ஒலியை அனுப்புகிறோம், எதிரே மீனோ பாறையோ இருந்தால் எதிரொலி திரும்பி வந்து திரையில் புள்ளி விழும், சும்மா தண்ணீர் மட்டும் இருந்தால் திரை காலியாக இருக்கும். நீர்க்கட்டியும் அப்படித்தான், திரையில் அது முழுக் கறுப்பாகத் தெரிய வேண்டும், விளிம்பு கோடு கிழித்த மாதிரி மெல்லியதாக இருக்க வேண்டும். இன்னொரு அடையாளமும் உண்டு. நீருக்குள் போகும் ஒலி சதைக்குள் போவதைப் போல வலுவிழக்காது, அதனால் பையின் பின்பக்கம் சுற்றுப்புறத்தைவிட வெளிச்சமாகத் தெரியும். இந்த மூன்றும் சேர்ந்து இருந்தால் அது சாதாரண நீர்க்கட்டி, மேற்கொண்டு சி.டி. வேண்டியதில்லை. உங்கள் அம்மாவின் ரிப்போர்ட்டில் மூன்றையும் எழுதியிருக்கிறார்கள். ஸ்கேன் எடுத்த மருத்துவர் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார், அதற்கப்புறம் யாரோ போகிற போக்கில் சொன்ன 'சந்தேகம் இருந்தால்' என்ற வார்த்தைதான் உங்களை ஒரு மாதம் தூங்கவிடாமல் செய்திருக்கிறது.

எப்போது சி.டி. உண்மையிலேயே வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கிற வேறு யாருடைய ரிப்போர்ட்டிலாவது இருக்கலாம். பைக்குள் தடுப்புச் சுவர்கள் தெரிந்தால், சுவர் தடித்திருந்தால், சுண்ணாம்பு படிந்திருந்தால், நீர் கலங்கலாக இருந்தால், உள்ளே சதை போல ஏதாவது முளைத்திருந்தால் சாதாரண நீர்க்கட்டி என்று விட்டுவிட முடியாது. மார்ட்டன் போஸ்னியாக் என்ற நியூயார்க் ரேடியாலஜிஸ்ட் 1986-இல் இவற்றைத் தரம் பிரிக்க ஒரு முறை சொன்னார், 2019-இல் அதைத் திருத்தியிருக்கிறார்கள், இன்றைக்கும் உலகம் முழுக்க அவர் பெயரில்தான் ரிப்போர்ட் வருகிறது. கான்ட்ராஸ்ட் சி.டி. என்பது இதுதான், ரத்தக்குழாயில் மருந்து ஏற்றுவதற்கு முன் ஒரு படம், ஏற்றிய பின் ஒரு படம். மருந்து ரத்தத்தில் போகிறது, ரத்த ஓட்டம் இருக்கிற இடம் எல்லாம் பளிச்சென்று ஆகும், வெறும் நீருக்கு ரத்த ஓட்டம் ஏது, அது அப்படியே மங்கலாகவே நிற்கும். அதை வைத்துத்தான் வகை பிரிக்கிறார்கள். போஸ்னியாக் 1, 2 என்று வந்தால் தாளை மடித்து வைத்துவிடலாம், தொடர்ந்து ஸ்கேன் எடுக்கக்கூட வேண்டாம். 2 எஃப் என்று ஒன்று உண்டு, அது 'கண்ணில் வைத்துக்கொள்' வகை, ஆறு மாதத்தில் ஒருமுறை, ஒரு வருடத்தில் ஒருமுறை, அப்புறம் வருடத்துக்கு ஒன்றாக ஐந்து வருடம் வரை பார்ப்பார்கள். 3 என்றால் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் புற்றுநோயாக இருக்க வாய்ப்பு, 4 என்றால் பத்தில் ஒன்பது பேருக்கு. இந்த இரண்டு வகைக்கும் யூராலஜிஸ்ட்டைப் பார்த்தே ஆக வேண்டும், அப்போதும் முழுக் கிட்னியையும் எடுப்பார்கள் என்று அர்த்தம் இல்லை, முடிந்தவரை அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து மீதியைக் காப்பாற்றத்தான் பார்ப்பார்கள். சிறியதாக இருந்தால் சிலருக்குக் காத்திருந்து கவனிப்பதும் உண்டு.

உங்கள் அம்மாவுக்கு இந்தக் கணக்கு எதுவும் தேவையில்லை, அவருடையது முதல் வகை.

மாமா விஷயத்துக்கு வருகிறேன். நல்லவேளை எழுதினீர்கள், நிறையப் பேர் குடும்பத்து நோயை எழுதுவதே இல்லை. பரம்பரையாக வரும் நீர்க்கட்டி நோய் ஒன்று இருக்கிறது, அதில் இரண்டு கிட்னியும் முழுக்க திராட்சைக் குலை மாதிரி நீர்ப்பைகள் நிறைந்து, கிட்னி பெருத்து, இளம் வயதிலேயே ரத்த அழுத்தம் ஏறி, பலருக்கு அறுபது வயதுக்குள் கிட்னியே செயலிழந்துவிடும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. கல்லீரலிலும் நீர்ப்பைகள் வரலாம், சிலருக்கு மூளை ரத்தக்குழாயில் வீக்கம்கூட வரலாம். இப்போது டோல்வாப்டன் என்று ஒரு மாத்திரை இருக்கிறது, நோய் வேகத்தைக் குறைக்கும், ஆனால் விடாமல் சிறுநீர் போகும், கல்லீரலையும் அடிக்கடி பரிசோதிக்க வேண்டும், எல்லோருக்கும் கொடுக்கிற மாத்திரை இல்லை. குடும்பத்தில் இந்த நோய் இருக்கிறவர்களுக்கே 40-லிருந்து 59 வயதுக்குள் ஒவ்வொரு கிட்னியிலும் இரண்டு நீர்க்கட்டியாவது இருந்தால்தான் அந்த நோய் என்று சொல்வோம். நாற்பது வயதுக்கு மேல் இரண்டு கிட்னியையும் சேர்த்து இரண்டு நீர்க்கட்டிகூட இல்லை என்றால் அந்த நோய் இல்லை. அம்மாவுக்கு மொத்தமே ஒன்றுதான். ஆகவே அது இல்லை. மாமாவின் கிட்னி போனதற்கு 20 வருட சுகரே போதுமான காரணம், அவருடைய பழைய ஸ்கேன் யாரிடமாவது இருந்தால் ஒருமுறை எடுத்துப் பாருங்கள், அதுவும் மாமா பிள்ளைகளுக்காக.

நீரை உறிஞ்சுவது பற்றி. சில வருடங்களுக்கு முன் தொண்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். எந்தத் தொந்தரவும் இல்லாத 4 சென்டிமீட்டர் நீர்க்கட்டியை வேறொரு ஊரில் ஊசி வைத்து உறிஞ்சியிருந்தார்கள், ஒரு வருடம் கழித்து ஸ்கேன் எடுத்தால் பழைய அளவுக்கே நிரம்பி நிற்கிறது. செலவானதுதான் மிச்சம். அப்படித்தான் ஆகும், நீரைச் சுரக்கிற தோல் உள்ளேயே இருக்கிறதல்லவா. நிஜமாகவே தேவைப்பட்டால் உறிஞ்சிய பின் ஆல்கஹால் போன்ற மருந்தை உள்ளே செலுத்தி அந்தத் தோலைச் சுருங்க வைப்பார்கள், பெரிதாக இருந்தால் லேப்ராஸ்கோப்பி மூலம் பையின் மேல்கூரையை வெட்டித் திறந்துவிடுவார்கள். யாருக்குத் தேவை? பை பெரிதாகி விலாவில் விடாமல் வலிப்பவர்களுக்கு, சிறுநீர் இறங்கும் பாதையை அழுத்தி அடைப்பவர்களுக்கு, உள்ளே கிருமி புகுந்து குளிர் காய்ச்சல் வருபவர்களுக்கு, ரத்தம் கசிபவர்களுக்கு. அளவு மட்டும் காரணம் ஆகாது. இந்தப் பைகள் வருடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும், 3.4 என்பது போன வாரம் முளைத்தது இல்லை, பல வருடமாக அம்மாவோடு படகேறி தீவுக்குப் போய் வந்துகொண்டிருந்ததுதான்.

வாழைத்தண்டு, நெருஞ்சி எல்லாம் நம்மூரில் கல்லுக்குச் சொல்கிற வைத்தியம். இந்தப் பைக்கும் சிறுநீர்ப் பாதைக்கும் தொடர்பே கிடையாது என்று மேலே சொன்னேன், பிறகு குடிக்கிற சாறு எந்த வழியாகப் போய் எதைக் கரைக்கும்? வாழைத்தண்டைப் பொரியலாகச் சாப்பிடுங்கள், நன்றாக இருக்கும். ஆனால் கஷாயம், பஸ்பம், செந்தூரம் என்று என்ன சேர்ந்தது தெரியாத எதையும் இப்போது அம்மாவுக்குக் கொடுக்க வேண்டாம். ஏன் 'இப்போது' என்கிறேன் என்பதுதான் நான் திட்டப்போகிற விஷயம்.

நீங்கள் அனுப்பிய நாலு போட்டோவில் மூன்றாவது, ரத்தப் பரிசோதனைத் தாள். அதில் ஐந்தாவது வரி, கிரியேட்டினின் 1.4. கிட்னி வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு அது, ரத்தத்தில் ஏறினால் கிட்னி சரியாக வடிகட்டவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். பக்கத்தில் சிறியதாக ஒரு நட்சத்திரக் குறிகூடப் போட்டிருக்கிறார்கள். மருத்துவர் சீட்டின் மூலையில் பி.பி. 150/94 என்று பேனாவால் எழுதியிருக்கிறது. இரண்டைப் பற்றியும் உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. 'கட்டி' என்ற சொல் மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிட்டது.

1.4 என்பது கேட்க சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் 56 வயதுப் பெண்ணுக்கு 1.4 என்றால், கிட்னி வடிகட்டும் திறன் கணக்குப் போட்டுப் பார்க்கும்போது 44 அளவுக்குத்தான் வருகிறது. அறுபதுக்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நின்றால் நாள்பட்ட கிட்னி பாதிப்பு என்று சொல்வோம். ஒரு கிட்னியில் இருக்கிற ஒரே ஒரு சின்ன நீர்க்கட்டி இதைச் செய்யாது, செய்யவே முடியாது. அப்படியானால் எது செய்தது?

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் 'மாத்திரை தவிர வேறு மருந்து எதுவும்' என்று எழுதியிருக்கிறீர்களே, என் சந்தேகம் முழுக்க அந்த மாத்திரை மேல்தான். பாசிக்கார அம்மாக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். விரலில் துணி சுற்றி, காலில் தகடு கட்டி, கண்ணாடி மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் முங்கி முங்கிப் பாறையில் பாசி பறித்தால் தோளும் இடுப்பும் என்ன ஆகும். வலி நிஜம், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மெடிக்கலில் சீட்டு இல்லாமல் வாங்கும் டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் வகை மாத்திரைகளைத் தினம் காலையில் ஒன்று போட்டுக்கொண்டு படகேறுகிறார்கள். போதாததற்குத் தண்ணீர் குடித்தால் ஒதுங்க இடமில்லை என்று விடிகாலையிலிருந்து கரை திரும்பும் வரை வாய் நனைப்பதில்லை. உடம்பில் தண்ணீர் குறையும்போது கிட்னி தனக்குள் போகும் ரத்தக்குழாயை விரித்து வைத்துச் சமாளிக்கும், இந்த மாத்திரைகள் சரியாக அந்த விரிவைத்தான் தடுக்கின்றன. வெயில், தாகம், மாத்திரை மூன்றும் ஒரே நாளில், அதுவும் வருடக்கணக்கில். இதே மாத்திரைகள் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும், வயிற்றின் உள்தோலையும் அரிக்கும். மேல்வயிறு எரிகிறது என்றுதானே ஸ்கேனுக்கே போனீர்கள்? நீர்க்கட்டி வலது கிட்னியில் இருந்துகொண்டு மேல்வயிற்றை எரிக்காது தம்பி.

நான் அம்மாவை நேரில் பார்க்கவில்லை, தாள்களை மட்டும் வைத்துச் சொல்கிறேன், வேறு காரணமும் இருக்கலாம். அதனால் இப்படிச் செய்யுங்கள். அந்த மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள். வலிக்குப் பாராசிட்டமால், வெந்நீர் ஒத்தடம், கொஞ்ச நாள் கடலுக்கு லீவு. மலம் தார் போலக் கறுப்பாகப் போனாலோ, ரத்த வாந்தி வந்தாலோ எதற்கும் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அது வயிற்றுப்புண்ணில் ரத்தம் கசிவதன் அறிகுறி. இந்த வாரத்திலேயே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பொது மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை, மூன்று மாத சர்க்கரை அளவு, சிறுநீரில் புரதம் போகிறதா என்று அல்புமின் கிரியேட்டினின் விகிதம், இவற்றைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். மாமாவுக்கு சுகர் இருந்திருக்கிறது, அம்மாவுக்குப் பார்த்த மாதிரித் தெரியவில்லை, அனுப்பிய தாளில் இல்லை. மாத்திரை நிறுத்தி இரண்டு மூன்று வாரத்தில் கிரியேட்டினினைத் திரும்பப் பாருங்கள், மூன்று மாதத்தில் இன்னொரு தடவை. இறங்கினால் காரணம் பெரும்பாலும் அதுதான். ஸ்கேனில் இரண்டு கிட்னியும் 9 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கின்றன, சுருங்கவில்லை, உள் அமைப்பும் கலையவில்லை, அது நல்ல சேதி, பிடித்து நிறுத்த இடம் இருக்கிறது என்று அர்த்தம். இறங்கவில்லை என்றால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் கிட்னி மருத்துவத் துறை இருக்கிறது, அங்கே அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

அந்த கான்ட்ராஸ்ட் சி.டி.யை யார் சொன்னாலும் இப்போது எடுக்க வேண்டாம். கிரியேட்டினின் ஏறியிருக்கும்போது அந்த மருந்தே கிட்னிக்குக் கூடுதல் சுமையாகலாம். நிஜமாகத் தேவைப்படுகிறவர்களுக்கு முன்னெச்சரிக்கையோடு எடுப்பார்கள்தான், தேவையே இல்லாத இடத்தில் எதற்கு அந்த வம்பு?

பி.பி. ஒருமுறை பார்த்ததை வைத்து முடிவு செய்ய முடியாது, ஆஸ்பத்திரிக்குப் போனாலே சிலருக்கு ஏறும். நாலைந்து நாள் வேறு வேறு நேரத்தில் பார்த்து எழுதி வையுங்கள். 140/90-க்கு மேலேயே நின்றால் மாத்திரை வேண்டும், எந்த மாத்திரை என்பதைக் கிரியேட்டினினைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், பக்கத்து வீட்டுக்காரரின் பி.பி. மாத்திரையை வாங்கிப் போட்டுவிடாதீர்கள். ஆரம்பித்துவிட்டால் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பி.பி., சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள், உங்கள் ஊர் சுகாதாரச் செவிலியரிடம் பெயர் கொடுத்து வையுங்கள். கருவாடும் ஊறுகாயும் இல்லாமல் கடலோரத்தில் சோறு இறங்காது என்று எனக்கும் தெரியும், ஆனாலும் தினமும் என்பதை வாரத்தில் ஒரு நாளாக்குங்கள். மீன் நன்றாகச் சாப்பிடலாம். தண்ணீர் ஒரு நாளைக்கு இரண்டு, இரண்டரை லிட்டர் போதும், கிட்னியைக் கழுவுகிறேன் என்று ஐந்து லிட்டர் குடிக்க வைக்க வேண்டாம்.

நீர்க்கட்டிக்கு என்ன செய்வது என்றுதான் கேட்டிருந்தீர்கள். ஒன்றும் செய்ய வேண்டாம். விலாவில் புதிதாக வலி, குளிரோடு காய்ச்சல், சிறுநீரில் ரத்தம், இந்த மூன்றில் ஏதாவது வந்தால் மட்டும் மறுபடி ஸ்கேன்.

அப்புறம், ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அம்மா சாப்பிட்ட மாத்திரை அட்டைகள், காலியானதானாலும் சரி, முந்தானையில் முடிந்து வைத்திருப்பது உட்பட எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். 'தோள்வலி மாத்திரை' என்று வாயால் சொன்னால் எந்த மருத்துவருக்கும் எது என்று புரியாது. அட்டையைக் காட்டுங்கள். மறுபரிசோதனை எண் வந்ததும் எனக்கும் எழுதுங்கள்.